நான் பெற்றெடுத்த கும்பல்

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை பத்து மணிக்குள் ஐந்து கண்டத்து அயோக்கியர்களையும் வரிசையில் நிறுத்தித் தலை எண்ணி முடித்துவிட்டேன். பதினொரு மணி டீ மட்டும் வரவில்லை. உலகக் கள்ளக்கடத்தல் மொத்தத்தையும் சுண்டுவிரலால் கவனித்துக்கொள்கிற ஒருவனுக்கு ஒரு கோப்பை டீயை நேரத்துக்குக் கொண்டுவர முடியாத அலுவலகம் இது. இதை நம்பித்தான் நாடு நிம்மதியாகத் தூங்குகிறது.

என் அறையைப் பற்றி இரண்டு வரி எழுதிவைக்கிறேன். பின்னால் இங்கே எனக்குச் சிலை வைக்கிறவர்கள் இடம் தெரியாமல் அலையக் கூடாது. குற்றக் கும்பல்கள் ஆய்வு மையம், மூன்றாம் மாடி, கழிவறைக்கு அடுத்த கதவு. சுவர் முழுக்க உலக வரைபடம். சிவப்புக் குண்டூசி போதைப்பொருள், மஞ்சள் ஆள்கடத்தல், பச்சை போலி மருந்து, கறுப்பு எரிபொருள் திருட்டு. ஜன்னல் பக்கம் உள்ள கண்டம் வெயிலில் வெளுத்துப்போய்விட்டது. அங்கே குற்றம் குறைந்துவிட்டதாக நினைத்து ஒரு பார்வையாளர் என் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டுப் போனார். நான் மறுக்கவில்லை.

உலக அபாய அறிக்கையின் புதிய பதிப்பு வந்திருக்கிறது. அவ்வளவு கனம், எறிந்தால் ஒரு கும்பலே காலி. நாளை படிப்பேன்.

மார்ச் 5, புதன்

பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. அங்கே உட்கார்ந்திருக்கிறான் என் பிள்ளை!

நிதானமாக எழுதுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் துறைமுக அதிகாரிகளுக்கு இங்கே பயிற்சி நடந்தது. நிஜக் கும்பல்களின் பெயரைச் சொல்லிப் பயிற்சி நடத்தினால் வழக்கு, வம்பு என்று வரும். அதனால் ஒரு கற்பனைக் கும்பல் வேண்டும் என்றார்கள். வேறு யாரிடம் கேட்பார்கள்? மதிய உணவுக்குப் பிறகு உட்கார்ந்தேன். சாயங்காலம் எழுந்தபோது ‘நீலக் கயிறு’ பிறந்திருந்தது. பெயர், விதிகள், தலைவர், கடல்வழிகள், மூன்று முடிச்சுப் போட்ட நீலக் கயிறு என்கிற அடையாளம் - எல்லாம் என் கைவேலை. பயிற்சியில் தலைவனாக நடித்ததும் நான்தான். அதிகாரிகளால் என்னைப் பிடிக்கவே முடியவில்லை. கையேட்டின் மேலட்டையில் ‘கற்பனை, பயிற்சிக்கு மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம்.

அந்தக் கும்பல்தான் இப்போது உலகின் அபாயகரமான கும்பல்களில் பதினோராம் இடத்தில் இருக்கிறது.

பிரிவு முழுக்கப் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். பிள்ளை பெரிய வேலைக்குப் போய்விட்டான் என்றேன். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

பத்தாம் இடத்துக் கும்பலுக்குப் பல தலைமுறைப் பாரம்பரியமாம். என் பிள்ளை ஒரே மதியத்தில் பிறந்தவன். அடுத்த வருஷம் பாருங்கள்.

மார்ச் 10, திங்கள்

கர்வம் கொஞ்சம் இறங்கியதும் தொழில்புத்தி வந்தது. எங்கள் மையத்தில் ‘இரண்டு கால் விதி’ என்று ஒன்று உண்டு. எந்தச் செய்தியும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஆதாரங்களின் மேல் நிற்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறவன் நான்.

நீலக் கயிறுக்கு ஐந்து கால் இருந்தது. ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். உலக அறிக்கைக்கு ஆதாரம் ஒரு வெளிநாட்டு அமைச்சக அறிக்கை. அதற்கு ஆதாரம் ஒரு மாத இதழ். இதழுக்கு ஒரு கருத்தரங்க உரை. உரைக்கு ஒரு பல்கலைக்கழகக் கட்டுரை. கட்டுரைக்கு, மேலட்டை கிழிந்த ஒரு கையேட்டின் நகல். ஐந்து காலும் என் கால்! பூரான் மாதிரி நடந்து உலகத்தைச் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன்.

இயக்குநரிடம் போனேன். எதைச் சொன்னாலும் ‘பிறகு பார்க்கலாம்’ என்பார். ஆகவே அவர் பெயர் ‘பிறகு’. இந்த முறை அவர் பிறகு பார்க்கலாம் என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தினார்.

“நீலக் கயிறுக்குத் தனிப் பிரிவு சாங்ஷன் ஆகியாச்சு சார். அமைச்சர் மேடையில பேசியாச்சு. இப்ப போய் தமாஷ் பண்ணாதீங்க.”

“சார், அந்தக் கும்பல்ல ஒருத்தன்கூட இதுவரைக்கும் பிடிபடல, பாத்தீங்களா?”

“அதைத்தான் நிபுணர்கள் கட்டுப்பாடுன்னு சொல்றாங்க.”

வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

சிரித்தேன் என்று எழுதியிருக்கிறேன். எழுதியதை அடிக்கப் போவதில்லை. இருக்கட்டும்.

மதியம் வரவேற்பறையில் ஒரு பெண்மணி உட்கார்ந்து நகர மாட்டேன் என்கிறார் என்று என்னைக் கூப்பிட்டார்கள். யாரும் பார்க்க விரும்பாத ஆட்களை என்னிடம் அனுப்புவது இங்கே வழக்கம். தையற்காரி. ஊசி குத்தித் தடித்த விரல்கள், தோளில் இன்னும் தொங்குகிற அளவு நாடா. கடையிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருக்கிறார்.

“நீலக் கயிறு பத்தி எழுதறவங்க இங்கதான் இருக்காங்களா?”

“ஆமாம்மா.”

“என் வீட்டுக்காரரு கப்பல்ல சமையல். ரெண்டு மாசமா உள்ள வெச்சிருக்காங்க.”

கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வந்ததும் சோதனை போட்டிருக்கிறார்கள். சமையலறையில் ஒரு நீலக் கயிறு தொங்கியதாம், மூன்று முடிச்சோடு. அலை அடித்தால் கரண்டிகள் பறக்காமல் இருக்க மாட்டிவைத்தது. ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க முடிச்சு. அந்த வெளிநாட்டு அறிக்கையைப் பார்த்து அரசு முன்பே தடைப் பட்டியலில் சேர்த்த கும்பல் என்பதால் ஜாமீன் கிடையாது.

“கூட்டாளிங்க யாரு, சொல்லு சொல்லுன்னு கேக்கறாங்களாம். அந்த மனுசனுக்குக் கூட்டாளின்னு இருக்கறது உப்பும் வெங்காயமும்தான் சார். நீங்க எல்லாம் படிச்சவங்க. அந்தக் கும்பலுக்குத் தலைவன் யாருன்னு மட்டும் சொல்லுங்க. நான் நேர்ல போய்க் கேட்டுக்கறேன், என் புருசன் உன் ஆளாடான்னு.”

என் வாய் பிறந்தது முதல் ஓய்ந்ததில்லை. அங்கே ஒரே ஒரு சொல்தான் வந்தது: “நான்தாம்மா.”

அவர் என்னை மேலிருந்து கீழே அளவெடுத்தார். என் வயிறு, என் செருப்பு, சட்டையில் டீக் கறை.

“அழுதுட்டு வந்தவகிட்ட விளையாடறீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?”

போய்விட்டார்.

மார்ச் 14, வெள்ளி

தட்டாமலே பிறகின் கதவைத் திறந்தேன். வரலாற்றில் பெரும் படையெடுப்புகள் எல்லாம் இப்படித்தான் தொடங்கியிருக்கும்.

“ஒரு ஆள் உள்ள இருக்கான் சார். நம்ம கும்பலால.”

“உங்க கும்பல்னு சொல்லாதீங்க. அப்படி நிரூபிக்க முடியுமா?”

“மூலக் கையேடு இங்கதானே இருந்துச்சு?”

“பழைய கட்டடத்துல இருந்து மாறும்போது போயிருக்கும். கும்பல் இருக்குன்னு சொல்ல அஞ்சு ஆதாரம் இருக்கு. இல்லைன்னு சொல்ல உங்க வாய் ஒண்ணுதான் இருக்கு.” மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். என் பழைய விடுப்பு விண்ணப்பம். ‘வெள்ளம் வந்து எங்கள் வீட்டுப் படிக்கட்டை அடித்துக்கொண்டு போய்விட்டபடியால் மாடியிலிருந்து இறங்க வழியின்றித் தவிக்கிறேன்.’ அதை நிறுத்தி நிதானமாக, நானே ரசிக்கும்படி வாசித்தார். “இந்த வாயை நம்பி ஒரு தேசத்தோட பாதுகாப்பை மாத்தணுமா?”

பாதுகாப்பாம்! என் சுவரில் பச்சை ஊசி குத்திய இடங்களில் சுண்ணாம்பை மாத்திரை என்று ஒருவன் விற்கிறான். குழந்தைகள் சாகின்றன. அவனுக்கு அடையாளமும் கிடையாது, கயிறும் கிடையாது, சபதமும் கிடையாது. ஒரு கணக்காளரும் ஒரு கிடங்கும் இருந்தால் போதும். நிஜக் கும்பல் பெயர்கூட வைத்துக்கொள்வதில்லை. அவனைக் கண்காணிக்க ஆள் கேட்டு மூன்று தடவை எழுதினேன். பிறகு பார்க்கலாம் என்றார். கற்பனைக் கும்பலுக்கு மட்டும் குளிர்சாதன அறை.

நல்லது. என் பிள்ளையை நானே கொல்கிறேன். எவன் தடுக்கிறான் என்று பார்க்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா மகளிடம் போனேன். வக்கீல். இதுவரை பார்த்ததெல்லாம் வீட்டு வாடகைத் தகராறு, வேலித் தகராறு. தன் அறையில் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறாள். ஒன்றில் கோப்புகள்தான் உட்காரும். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தாள், பிறகு நிறுத்திவிட்டாள்.

“தடைப் பட்டியலை மறுஆய்வு செய்யற குழு எப்ப கூடுது?”

“ஏப்ரல் ஒம்பது.”

“அதுல விட்டா அப்புறம் ஒரு வருஷம் மாமா. அந்த ஆளு ஒரு வருஷம் உள்ள கிடக்கணும்.” பேனாவைத் திறந்தாள். “கையேட்டைத் தேடிட்டு இருக்காதீங்க. எதைப் பாத்து அந்தக் கும்பலைச் செஞ்சீங்க?”

“கற்பனை.”

“மாமா. உங்களுக்குக் கற்பனை கிடையாது. உள்ளதைப் பெருசாக்கத்தான் தெரியும். எதைப் பெருசாக்குனீங்க?”

இப்படி ஒரு அவமானத்தை எந்த எதிரியும் எனக்குச் செய்ததில்லை. அது உண்மையாகவும் இருந்து தொலைத்தது.

“உங்க வீட்டைத்தான்.”

“எங்க வீட்டையா! அப்ப தலைவரு?”

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“எங்கப்பாவா?”

மார்ச் 18, செவ்வாய்

அத்தான் பேருந்துப் பணிமனையில் நேரம் பார்க்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது வந்தது என்று எழுதியே முடி நரைத்தவர். அவர் முன்னால் அக்கா மகள் பக்கம் நூற்றுப் பன்னிரண்டைச் சத்தமாக வாசித்தாள்.

‘தலைவர் அறுபதைக் கடந்தவர். இரண்டு கைக்கடிகாரம் அணிகிறார். எவரையும் நம்பாததால் எல்லாக் கதவுகளையும் தாமே சாத்துகிறார். அமர்ந்து உண்பதில்லை. எட்டாக மடித்த செய்தித்தாள் ஒன்றை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். அதில் சங்கேதக் குறிப்புகள் இருப்பதாகத் தெரிகிறது.’

அத்தான் இரண்டு கடிகாரத்தையும் பார்த்தார். நின்றுகொண்டேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டை வைத்தார்.

“என் காலத்துல ஒரு வண்டி லேட்டாப் போனதில்ல. என்னைப் போய்க் கொள்ளைக்காரன்னு உலகம் பூரா எழுதி வெச்சிருக்கியா?”

“அத்தான், மரியாதையாத்தான் எழுதியிருக்கேன்…”

அக்கா அறிக்கையைப் பிடுங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தாள். “இந்த விதியெல்லாம் நான் குளியலறைக் கதவுல ஒட்டினதுடா! சோப்பை முடிச்சவன்தான் புதுசைப் பிரிக்கணும்னு எழுதினேன். நீ ‘முடித்தவனே தொடங்குவான்’னு சுருக்கிட்ட. இவங்க பாரு, தலைவனைக் கொன்னவன்தான் அடுத்த தலைவன்னு அர்த்தம் சொல்றாங்க.” அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். “வேலை பூரா என்னுது. தலைவர் பட்டம் மட்டும் இவருக்கா?”

அத்தான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். திறந்து, சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடியும் சாத்தினார். விசாரணைக்கு வர மாட்டாராம். என்னோடு பேசவும் மாட்டாராம்.

மார்ச் 23, ஞாயிறு

இன்றும் பேசவில்லை. நான் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகத் தும்மினேன். யாரோ என்று நினைத்துக்கொண்டார்.

மார்ச் 27, வியாழன்

அக்கா மகள் எனக்குப் பயிற்சி கொடுக்கிறாள். குழு முன்னால் ஒரு சொல்கூட மிகையாக வரக் கூடாதாம். தினமும் டைரியில் நடந்ததை மட்டும் எழுதிப் பழக வேண்டுமாம்.

காலையில் எழுந்தேன். பல் தேய்த்தேன். பேருந்தில் போனேன். உட்கார இடம் கிடைத்தது.

(சித்திரவதை.)

மார்ச் 28, வெள்ளி

எழுந்தேன். மழை. நனைந்தேன். சுமாராக.

மார்ச் 30, ஞாயிறு

தையற்காரியை அக்கா மகள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். வக்காலத்தில் கையெழுத்து வாங்க என்று சொன்னாள். அவள் மனதில் வேறு கணக்கும் இருந்திருக்கும். தையற்காரி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா மகள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவர் என்னிடம்தான் வந்தார்.

“அன்னிக்கு நிஜமாத்தான் சொன்னீங்களா?”

“ஆமா.”

“அப்ப ஏன் சார் பின்னாலயே ஓடி வந்து சொல்லல?”

என் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அத்தான் அறைக் கதவு திறந்திருந்தது. கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே வந்து, அந்தப் பெண்ணிடம் மட்டும் பேசினார். “எத்தனை நாளா உள்ள வெச்சிருக்காங்க?” அவர் சொன்னார். அத்தான் ஒரு கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் இன்னொன்றை. ஒரு வண்டி கால் மணி பிந்தினாலே காய்ச்சல் வந்துவிடுகிற மனிதர்.

“விசாரணை காலைலயா, மத்தியானமா?” என்றார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

‘பிறகு’ என்னைக் கூப்பிட்டனுப்பினார். நேரத்துக்கு டீ வந்தது. பிஸ்கட்டோடு. ஆபத்து என்று புரிந்துகொண்டேன்.

“நாளைக்கு நீங்க ஒரே ஒரு வரி சொன்னா போதும் சார். ‘இந்தக் கும்பலின் நிலை தற்போது உறுதிப்படுத்தப்படவில்லை.’ பொய் இல்ல. யாருக்கும் சங்கடம் இல்ல. புதுப் பிரிவுக்கு நீங்கதான் தலைவர்.”

“உறுதி ஆகற வரைக்கும் சமையல்காரர்?”

“அது சட்டத்தோட வேலை. நம்ம வேலை இல்ல.”

நான் பிஸ்கட்டைத் தின்றேன். நல்ல பிஸ்கட். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

“சார், அந்தக் கும்பலுக்கு நான்தான் தலைவன்னு ஒருதரம் நடிச்சாச்சு. ரெண்டாவது தரம் சம்பளம் வாங்கிட்டு நடிக்க எனக்கு வராது.”

“வேலை போயிடும்.”

“போகட்டும். அதுவாவது இங்கேருந்து வெளியே போகட்டும்.”

கதவைச் சாத்தாமல் வந்தேன். அத்தான் பார்த்திருந்தால் செத்திருப்பார்.

ஏப்ரல் 9, புதன்

ஜன்னலில்லாத அறை. நீள மேசை, தண்ணீர்க் குப்பிகள், ஓய்வு பெற்ற நீதிபதி அம்மா நடுவில். இருபுறமும் இரண்டு பேர். அவர்கள் தலையாட்ட வந்தவர்கள். ஓர் ஓரத்தில் சமையல்காரர், காவலரோடு. முதல் தடவையாகப் பார்த்தேன். சின்ன உருவம். கப்பலில் இருப்பதுபோல் கால்களை அகட்டி நின்றுகொண்டிருந்தார். மனைவியைப் பார்த்தார்; உடனே தரையைப் பார்த்தார்.

இயக்குநர் ‘பிறகு’ முதலில் பேசினார். ஐந்து ஆதாரம், உலகப் பட்டியல், அமைச்சரின் உரை. அப்புறம் என் விடுப்பு விண்ணப்பத்தை எடுத்தார். படித்தார். ஒருவர் சிரிப்பை அடக்கினார்.

நீதிபதி அம்மா என்னைப் பார்த்தார். “படிக்கட்டு போச்சுன்னு எழுதினீங்களா?”

தொண்டை வரை வந்தது: அது படிக்கட்டு மட்டுமா அம்மா, கைப்பிடிச் சுவரும்தான்! அக்கா மகள் என் காலை மிதித்தாள்.

“எழுதினேன். பொய். தண்ணி கணுக்கால் வரைக்கும் வந்துச்சு. படிக்கட்டு இருந்துச்சு. லீவு வேணும்னு எழுதினேன்.”

“இப்ப சொல்றது?”

“இப்ப எனக்கு லீவு தேவையில்லை. அவருக்குத்தான் தேவை.”

அக்கா மகள் ஐந்து ஆதாரங்களையும் மேசையில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றின் அடிக்குறிப்பையும் நீதிபதி அம்மாவே விரல் வைத்துப் படித்தார். முதலாவது இரண்டாவதைச் சொன்னது. இரண்டாவது மூன்றாவதை. ஐந்தாவதற்கு வந்தபோது அதில் ‘பயிற்சிக் கையேடு, மேலட்டை இல்லை’ என்று சின்ன எழுத்தில் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒரே ஊத்துலருந்து அஞ்சு குடம்” என்றார். நான் எப்போது இவ்வளவு சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொள்ளப் போகிறேனோ!

“இருந்தாலும் அம்மா, அந்த ஊத்து நிஜமா இருக்கலாமே” என்றார் ‘பிறகு’. “இவரு எங்கேயோ கேட்டதைத்தானே எழுதியிருப்பாரு? தலைவரைப் பத்தி இவ்வளவு துல்லியமா யாரும் கற்பனை பண்ண முடியாது.”

“பண்ணல” என்றாள் அக்கா மகள். “வெளியே உக்காந்திருக்காரு. கூப்பிடலாமா?”

அத்தான் வந்தார். கதவைச் சாத்தினார். நின்றார். திரும்பிப் போய்த் திறந்து, இன்னொரு தடவை சாத்தினார். நீதிபதி அம்மா பக்கம் நூற்றுப் பன்னிரண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“உக்காருங்க.”

“இல்லம்மா. நின்னே பழகிட்டேன்.”

“மணி என்ன ஆகுது?”

“எந்த மணிம்மா? நிஜ மணியா, டிப்போ மணியா? டிப்போ கடிகாரம் எப்பவும் கொஞ்சம் முந்தி ஓடும். அங்க ரெண்டையும் எழுதணும்.”

“சட்டைப்பையில என்ன?”

எட்டாக மடித்த தாளை எடுத்து விரித்தார். குறுக்கெழுத்துப் புதிர். பாதி நிரம்பியிருந்தது. “மேலிருந்து கீழ் ஒண்ணு வரல” என்று வருத்தமாகச் சொன்னார்.

காவலர்கூடச் சிரித்துவிட்டார். சமையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. இயக்குநர் ‘பிறகு’ எழுந்தார். “அம்மா, நிஜத் தலைவன் இவரு மாதிரியே இருக்கலாம் இல்லையா?”

“அப்ப இவரையும் பிடிச்சு உள்ள வெக்கணும்கறீங்களா?”

அத்தான் பிறகின் பக்கம் திரும்பினார். இரண்டு கையையும் கடிகாரங்களோடு நீட்டினார். “வெச்சுப் பாருங்களேன்” என்றார். அவ்வளவுதான். என் தலைவன் என்றால் தலைவன்!

பேருந்தில் திரும்பும்போது என் பக்கத்தில் உட்கார்ந்தார். “பதினோராம் இடம்தானா?” என்றார்.

ஏப்ரல் 11, வெள்ளி

சமையல்காரரை விடுவித்தார்கள். என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரே நாளில் இரண்டு பேருக்கு விடுதலை.

ஏப்ரல் 25, வெள்ளி

தையற்கடைக்குப் போனேன். சமையல்காரர் மூலையில் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். எந்தக் கப்பலும் எடுத்துக்கொள்ளவில்லையாம். குழு அவரை விட்டுவிட்டது. ஆனால் கும்பலைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. ‘பரிசீலனையில்’ என்று போட்டு வைத்திருக்கிறது. துறைமுகங்களின் கணினியில் அவர் பெயரைத் தட்டினால் சிவப்பாக வருகிறதாம். கப்பல் கம்பெனிக்காரர், “உங்க சமையல் பிரமாதம்தான்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

சமையல்காரர் ஒரு பித்தானைத் தைத்து நூலை அறுத்துவிட்டுக் கேட்டார்: “சார், அந்தக் கும்பல்ல சமையலுக்கு ஆள் போட்டிருந்தீங்களா?”

“இல்லையே.”

“அப்ப ஒருத்தனும் யோசிக்கலியா? சோறில்லாம எவன் சார் கடத்தப் போவான்?”

அவர் மனைவி தையல் எந்திரத்தை நிறுத்தாமலே சொன்னார்: “கேட்டுக்கங்க. அடுத்த தடவை கும்பல் ஆரம்பிச்சா இவரைக் கேட்டு ஆரம்பிங்க.”

அங்கேயே, துணி வெட்டுகிற மேசையில், தலைமையகம் அமைத்தேன். உலகின் எந்தப் போலீசும் ஒரு பன்னாட்டுக் கும்பலை வேரோடு அழித்ததில்லை. நான் அழிக்கப் போகிறேன். தனி ஆளாக. சுண்ணக்கட்டி, கத்தரிக்கோல், அவர்கள் கொடுக்கும் காபி சகிதம். நீலக் கயிறைப் பற்றி எழுதிய ஒவ்வொரு இடத்துக்கும் கடிதம் போகும்.

மே 14, புதன்

மையத்தில் புதிய பிரிவைத் திறந்துவிட்டார்கள். அறிவிப்புப் பலகையில் கும்பலின் பெயர் இல்லையாம். ‘சிறப்புக் கண்காணிப்பு’ என்று மட்டும் போட்டிருக்கிறார்களாம். வெட்கத்துக்கு ஒரு மாடி கட்டியிருக்கிறார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

ஒரு துறைமுகத்திலிருந்து பதில். ‘எங்கள் தகவலாளி ஒருவர் நீலக் கயிறின் தலைவரை நேரில் சந்தித்திருக்கிறார். ஆறடி உயரம், கன்னத்தில் தழும்பு.’ நான் சேர்க்காத ஆள் ஒருவன் என் கும்பலில் சேர்ந்து சம்பாதித்துக்கொண்டிருக்கிறான்!

அத்தானிடம் காட்டினேன். “ஆறடியா?” என்று முதுகை நிமிர்த்தினார். அப்புறம் அவரே உட்கார்ந்து பதில் எழுதினார், தன் உயரத்தைச் சரியாகக் குறிப்பிட்டு.

ஜூலை 3, வியாழன்

பதில் இல்லை. இன்னும் எழுதுகிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

‘பிறகு’ போன் செய்தார். ‘உறுதிப்படுத்தப்படவில்லை’ என்கிற அந்த வரியில் இப்போது கையெழுத்துப் போட்டாலும் வேலையைத் திருப்பித் தருவாராம். சமையல்காரர் பக்கத்தில் நின்று ஒரு சட்டையின் கழுத்துப்பட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் போனை அவர் காதில் வைத்தேன். “இவருகிட்ட சொல்லுங்க சார், நீங்க இருக்கீங்களா இல்லையான்னு இன்னும் உறுதியாகலைன்னு.” ‘பிறகு’ போனை வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அந்த மாத இதழ் திருத்தம் வெளியிட்டிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரே வாக்கியம்: ‘நீலக் கயிறு என்ற குற்றக் கும்பல் இல்லை.’

என் வாழ்நாளில் என்னைப் பற்றி வெளிவந்த மிகச் சிறந்த விமர்சனம் இது. ஒரு கால் போயிற்று. நான்கு பாக்கி.

ஆகஸ்ட் 21, வியாழன்

உலக அறிக்கைக்காரர்களும் எடுத்துவிட்டார்கள். இதழின் திருத்தத்தையும் நீதிபதி அம்மாவின் உத்தரவையும் சேர்த்து வைத்து அக்கா மகள் மிரட்டிய மிரட்டல். இனி நம் குழுவும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தாக வேண்டும் என்கிறாள். பன்னிரண்டாம் இடத்துக் கும்பல் பதினொன்றுக்கு ஏறிவிட்டது. அவர்களிடமிருந்து வாழ்த்துக் கடிதம் எதுவும் வரவில்லை.

செப்டம்பர் 3, புதன்

ஒரு சரக்குக் கப்பலில் அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. துறைமுக வாசலில் பெயர் சரியாக வந்தால்தான் என்று கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார். காலையில் நாங்கள் எல்லோரும் போனோம். நான், தையற்காரி, அக்கா மகள். அத்தான் முன்கூட்டியே போய் நின்றுகொண்டிருந்தார்.

வாசலில் கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு அதிகாரி. சமையல்காரர் கடவுச்சீட்டை நீட்டினார். அதிகாரி பெயரைத் தட்டினார். திரையைப் பார்த்தார். இன்னொரு தடவை தட்டினார். நான் ஒரு பெரிய உரை தயாரித்து வைத்திருந்தேன், சிவப்பாக வந்தால் பேசுவதற்கு.

“போங்க” என்றார் அதிகாரி.

அவர் போனார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். தையற்காரி, “ஸ்வெட்டர் பையில மேலயே இருக்கு!” என்று கத்தினார். அவர் தலையாட்டினார். அப்புறம் லாரிகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டார்.

நாங்கள் அங்கேயே நின்றோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தையற்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“இன்னும் என்ன பாக்கறீங்க? அவரு உள்ள போயிட்டாரு. வாங்க, கடை திறக்கணும். உங்களுக்கும் மூணு கடிதாசி பாக்கி இருக்குன்னீங்க இல்ல?”

பேருந்து வந்தது. ஏறினோம்.